36 வாரம்: உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எப்படிச் சமாளித்தீர்கள்?

நிலாமுற்றம்:
முதல் குழந்தை. 36 வாரம் முடிந்துவிட்டது. பகல் எப்படியோ ஓடிவிடுகிறது, ராத்திரிதான் பெரும்பாடு. இடது பக்கம் படுத்தால் இடுப்பு கடுக்கிறது. வலது பக்கம் திரும்பலாம் என்றால் அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்க எலும்பு விண்டுபோகிற மாதிரி வலி. முக்கி முனகித் திரும்பி முடிப்பதற்குள் சிறுநீர் முட்டுகிறது. போய்விட்டு வந்து படுத்தால் நெஞ்செரிச்சல்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பயம்தான் தூங்க விடுவதில்லை. பார்க்கிறவர்கள் ஆளுக்கொரு பிரசவக் கதை வைத்திருக்கிறார்கள், ஒன்றாவது நல்ல கதையாக இருக்க வேண்டுமே. போன வாரம் ஸ்கேனில் குழந்தை 3.1 கிலோ என்று வந்தது. "இப்பவே இவ்வளவா, இன்னும் நாலு வாரம் இருக்கே" என்று ஒருவர். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று இருக்கிறதாம். டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டில் நானாகப் படித்தேன். வலி வந்தால் எனக்குத் தெரியுமா? பை ரெடி. நான்தான் ரெடியில்லை.

ரெண்டுபிள்ளை_அம்மா:
தங்கச்சி, படுக்கையை முதலில் சரி செய்வோம், பயத்தை அப்புறம் பார்க்கலாம். தூக்கம் இல்லாதவளுக்கு எல்லாமே இரண்டு மடங்கு பயமாகத் தெரியும்.

அந்த முன்எலும்பு வலி எனக்கு இரண்டாவது பிள்ளைக்கு வந்தது. புரளும்போது இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொள். காலை அகட்டினால்தான் குத்தும். முதலில் முழங்கால்களை மடக்கி, நடுவில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, தோளும் இடுப்பும் காலும் ஒன்றாகத் திரும்புகிற மாதிரி திரும்பு. வழுவழுப்பான துணியில் நைட்டி போட்டால் திரும்புவது பாதி வேலை ஆகிவிடும், பருத்தி நைட்டி மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். எழுந்திருக்கும்போதும் பக்கவாட்டில் படுத்து, காலை ஒட்டினாற்போலக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழு. பேன்ட் போடுவது, செருப்பு மாட்டுவது எதுவானாலும் உட்கார்ந்துதான். ஒற்றைக் காலில் நிற்கிற வேலையே வேண்டாம். ரொம்ப வலித்தால் டாக்டரிடம் சொல், பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புவார்கள். "கர்ப்பத்தில் வலிக்கத்தான் செய்யும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

நெஞ்செரிச்சலுக்கு, ராத்திரி கொஞ்சமாகச் சாப்பிட்டு, உடனே படுக்காமல் இரண்டு மணி நேரமாவது நிமிர்ந்து இரு. தலைமாட்டை உயர்த்து. தலையணை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், முதுகிலிருந்தே சரிவாக உயர வேண்டும். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தால் குதிகாலை நீட்டி, கால்விரல்களை முகத்தை நோக்கி இழு. விரலை முன்னே நீட்டினால் இன்னும் இறுகும்.

கொஞ்ச நாளில் வயிறு இறங்கும். அப்போது மூச்சு வாங்குவது குறையும், சிறுநீர் தொல்லை கூடும். ஒன்று கொடுத்தால் ஒன்று எடுத்துக்கொள்ளும்.

வார்டுக்காரி:
பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விஷயம்தான், உங்களைப் பரிசோதித்துச் சொல்ல உங்கள் டாக்டர்தான் வேண்டும்.

ஸ்கேன் எடையைப் பற்றி முதலில். அது அளந்து சொல்லும் எடை இல்லை, கணக்குப் போட்டுச் சொல்லும் எடை. தலைச்சுற்றளவு, வயிற்றுச்சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வருவது. பத்துப் பதினைந்து சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். உங்கள் 3.1 கிலோ உண்மையில் 2.7 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம்.

கழுத்தில் கொடி: பிறக்கிற குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இப்படி இருக்கும். பெரும்பாலும் தளர்வாக இருக்கும், தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்து விட்டுவிடுவோம். குழந்தை வயிற்றுக்குள் மூக்கால் மூச்சு விடுவதில்லை, கழுத்து இறுகி மூச்சுத் திணற. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மனசு கேட்கவில்லையென்றால் அடுத்த முறை நேராகக் கேட்டுவிடுங்கள்.

வலி தெரியுமா என்று கேட்டீர்கள். பொய்வலி வயிற்றை இறுக்கும், ஒழுங்கில்லாமல் வரும், எழுந்து நடந்தாலோ படுத்தாலோ தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி என்ன செய்தாலும் அடங்காது. இடைவெளி குறையும், நீளம் கூடும், பலம் கூடும். வலி வரும்போது பேச்சு பாதியில் நின்றுவிடும், அது ஒரு நல்ல அடையாளம். முதல் பிரசவம், எல்லாம் சாதாரணமாக இருக்கிறது, வீடு பக்கத்தில்தான் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். தூரமாக இருந்தாலோ இரண்டாவது பிரசவமாக இருந்தாலோ இவ்வளவு காத்திருக்கக் கூடாது. வலி 37 வாரத்துக்கு முன்னால் ஒழுங்காக வந்தால் எண்ணிக்கொண்டே இருக்காதீர்கள், உடனே போங்கள்.

சளி மாதிரி, லேசான ரத்தக் கோடுகளோடு ஒன்று வெளியே வரலாம். கர்ப்பவாயை அடைத்துக்கொண்டிருந்தது அது. வந்த அன்றே வலி வரலாம், பல நாள் கழித்தும் வரலாம். அதைப் பார்த்ததும் பையைத் தூக்க வேண்டாம். ஆனால் ரத்தம் சிவப்பாக, மாதவிலக்கு மாதிரி போனால் அது வேறு விஷயம், நேரே ஆஸ்பத்திரி.

கோபக்காரி:
எல்லாம் சரி. யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். வலி என்றால் வலிதான். "மூச்சை இழுத்து விடு, மனசை ஒருநிலைப்படுத்து, பூ மலர்கிற மாதிரி நினைத்துக்கொள்" என்று வகுப்பில் சொன்னார்கள். அங்கே போனபோது பூவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எபிடியூரல், அதுதான் வலி தெரியாமல் இருக்க முதுகில் போடுகிற ஊசி, அதைக் கேட்டு வாங்கு. தாங்கிக்கொண்டால் பதக்கமா தருகிறார்கள்?

மலையடிவாரம்:
கோபக்காரி, எல்லாருக்கும் அப்படி இல்லையே. நான் ஊசி இல்லாமல்தான் பெற்றேன், எனக்கு அது ஒத்துவந்தது. நடந்தேன், கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன், வாயை மூடாமல் முனகினேன். படுக்கச் சொன்னபோதுதான் தாங்க முடியவில்லை. ஊசி போட்டால் கடைசியில் சிசேரியனில் முடியும் என்று கேள்விப்பட்டுத்தான் வேண்டாம் என்று இருந்தேன்.

வார்டுக்காரி:
மலையடிவாரம், உங்கள் முடிவு உங்களுக்கு ஒத்துவந்தது, நல்லது. ஆனால் அந்தக் காரணம் சரியில்லை. எபிடியூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2018-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. சிசேரியன் கூடவில்லை. பழைய சோதனைகளில் ஆயுதம் போட்டு எடுப்பது கொஞ்சம் கூடியிருந்தது, 2005-க்குப் பிறகு நடந்த சோதனைகளில் அதுவும் தெரியவில்லை.

ஊசிக்கு விலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிபி இறங்கலாம், காய்ச்சல் வரலாம், கால் கனத்துப்போகும், சிறுநீருக்குக் குழாய் வைக்க வேண்டி வரலாம், முக்கும் கட்டம் நீளலாம். எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லா நேரமும் மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டார். இதைத்தான் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்: உங்கள் இடத்தில் இந்த ஊசி உண்டா, ராத்திரியிலும் உண்டா, இல்லையென்றால் வேறு என்ன தருவார்கள்? வலி உச்சத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமை.

நடப்பது, நிற்பது, மண்டியிடுவது பற்றி மலையடிவாரம் சொன்னது ரொம்பச் சரி. தடை ஏதும் இல்லையென்றால் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டியதில்லை.

கோபக்காரி:
சரி, பதக்கம் இல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம் போலிருக்கிறது.

சும்மாவந்தவன்:
நான் கணவன் தரப்பு. மனைவிக்கு 35 வாரம். உள்ளே துணைக்கு விடுவார்களாம். போய் என்ன செய்வது? கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரத்தம் பார்த்தால் எனக்கே தலை சுற்றும்.

ரெண்டுபிள்ளை_அம்மா:
தலைமாட்டுப் பக்கம் நில்லுங்கள் தம்பி, ரத்தம் தெரியாது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உங்களை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

"ரிலாக்ஸ்" என்ற வார்த்தையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வலி முதுகில் வந்தால், உள்ளங்கையின் அடிப்பகுதியை அவர் முதுகின் கீழ்க்கோடியில், பிட்டத்துக்குச் சற்று மேலே வைத்து, உங்கள் உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்த வேண்டும். வலி தொடங்கும்போது தொடங்கி, அடங்கும்போது எடுங்கள். "இன்னும் மேலே, இன்னும் பலமா" என்று அவரே சொல்லுவார். திடீரென்று "தொடாதே" என்றாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வலிக்கு நடுவில் ஒரு வாய் தண்ணீர், முகத்துக்கு ஈரத்துணி. அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். போனில் வருகிற "என்ன ஆச்சு"களுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அணைத்து வையுங்கள்.

வார்டுக்காரி:
கை பிடித்து நிற்பதையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிரசவம் முழுக்கப் பக்கத்திலேயே ஒருவர் துணையாக இருந்தால், பிரசவம் கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது, சிசேரியன் குறைகிறது என்று 2017 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் அந்தப் பெண் விரும்புகிற துணை ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றுதான் 2018 வழிகாட்டியில் பரிந்துரைத்தது. "அவர் விரும்புகிற" என்பதைக் கவனியுங்கள். உங்களைவிட அவருடைய அக்கா இருந்தால் நிம்மதி என்றால், வழிவிடுங்கள்.

மின்மினி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 34 வாரம். காலையிலிருந்து குழந்தை வழக்கம்போல அசையவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் எப்போதும் புரளும், இன்று லேசாக ஒரு முறைதான். மாதம் ஏற ஏற இடம் குறைந்து அசைவும் குறையும் என்று சொல்கிறார்களே, அதுதானா? நாளை மறுநாள் செக்கப் இருக்கிறது.

வார்டுக்காரி:
இல்லை. கிளம்புங்கள். இப்போதே.

கடைசி மாதங்களில் அசைவு குறையும் என்பது தவறான நம்பிக்கை. உதை புரளலாக மாறலாம், ஆனால் பிரசவம் வரைக்கும், பிரசவத்தின்போதும் குழந்தை அசைந்துகொண்டேதான் இருக்க வேண்டும். செக்கப் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள், காலையில் பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். வீட்டில் இதயத்துடிப்பு கேட்கிற கருவி வைத்திருந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். துடிப்பு கேட்பதும் குழந்தை நலமாக இருப்பதும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து "அசைவு குறைந்திருக்கிறது" என்ற அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே புறப்படுங்கள்.

மின்மினி:
போய் வந்தேன். வயிற்றில் பெல்ட் கட்டி அரை மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்தார்கள், அப்புறம் ஒரு ஸ்கேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. "இதுக்கா வந்தே" என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டே போனேன், மறுபடியும் இப்படி இருந்தால் மறுபடியும் வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வார்டுக்காரி:
நல்ல செய்தி. எத்தனை உதை என்று எல்லாருக்கும் பொதுவான ஒரு எண் கிடையாது. உங்கள் குழந்தை எந்த நேரத்தில், எவ்வளவு, எப்படி அசையும் என்பது உங்களுக்குப் பழகியிருக்கும், அது மாறுவதுதான் விஷயம்.

இதோடு சேர்த்து மற்றதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் படிக்கட்டும். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, பார்வை மங்குவது, வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவை பிபி கூடுகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். சாயங்காலம் கால் வீங்குவது வேறு, காலையில் எழும்போதே முகம் வீங்கியிருப்பது வேறு. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பே இல்லாமல், முக்கியமாக ராத்திரியில் அரித்தால், வெறும் தோல் வறட்சி என்று களிம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கல்லீரல் பித்தநீர்ப் பிரச்சினையா என்று ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக வலித்தால் அது சுருட்டிப் பிடிப்பது இல்லை, ரத்தக்கட்டாக இருக்கலாம். காய்ச்சலையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் எதற்கும் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.

நிலாமுற்றம்:
மின்மினி, படித்துக்கொண்டே எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நல்லபடியாக இருப்பது சந்தோஷம்.

அக்கா சொன்னபடி முழங்காலை ஒட்டித் திரும்பினேன், நிஜமாகவே குறைந்திருக்கிறது. இன்னொரு சந்தேகம். ராத்திரி விழித்துப் பார்த்தால் சில சமயம் மல்லாந்து கிடக்கிறேன். ஆபத்தா? அப்புறம் கிழியாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

வார்டுக்காரி:
28 வாரத்துக்கு மேல் தூங்கப் போகும்போது பக்கவாட்டில் படுப்பதுதான் நல்லது. இடமா வலமா என்று பார்க்க வேண்டாம். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். விழித்தபோது மல்லாந்திருந்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கிழிதல் பற்றி: 34, 35 வாரத்திலிருந்து பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியை மசாஜ் செய்தால், முதல் பிரசவத்தில் தையல் போட வேண்டி வருவது குறைகிறது. கையைக் கழுவி, நகம் வெட்டி, வாசனை சேர்க்காத எண்ணெய் தடவி, கட்டைவிரலை ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் உள்ளே விட்டு, கீழ்ப்பக்கமாகவும் பக்கவாட்டிலும் மெல்ல அழுத்தி இழுக்க வேண்டும். லேசாக எரிகிற மாதிரி இருக்கும், வலிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வயிறு மறித்துக் கை எட்டாவிட்டால் கணவர் செய்யலாம். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்தக்கசிவு, தொற்று, பனிக்குடம் உடைந்துவிட்டது என்றால் கூடாது. ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தலைகீழ்:
என் பெயரே கதை சொல்லும். 36 வாரம், குழந்தை உட்கார்ந்தபடியே இருக்கிறது. வயிற்றுக்கு மேலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர், பாதிப் பேருக்குத்தான் பலிக்குமாம். திரும்பாவிட்டால் 39-ஆவது வாரம் சிசேரியன். இங்கே எல்லாரும் வலி, முக்கல் என்று பேசும்போது நான் பரீட்சைக்கே வராத மாணவி மாதிரி உணர்கிறேன்.

கோபக்காரி:
வயிற்றைக் கீறி எடுப்பது பரீட்சை இல்லாமல் வேறு என்ன? நிறைமாதத்தில் நூறில் மூன்று நான்கு குழந்தைகள் அப்படித்தான் இருக்கின்றன. யார் எப்படிப் பெற்றாள் என்று மார்க் போடுகிற ஆட்களைக் கிட்டே சேர்க்காதே.

வார்டுக்காரி:
39 வாரம் வரை காத்திருப்பது குழந்தையின் மூச்சுக்காக. அதற்கு முன்னால் எடுத்தால் மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது. உங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தலை கீழே அடைத்துக்கொண்டு இல்லாததால், பனிக்குடம் உடைந்தால் கொடி முன்னால் வழுக்கி வரலாம். உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். வெளியே கயிறு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, முழங்காலும் கையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, பிட்டத்தை உயர்த்தி இருங்கள். கொடியைத் தொட்டு உள்ளே தள்ளக் கூடாது. இது அரிதாகத்தான் நடக்கும், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

சிசேரியனாக இருந்தாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, நீங்கள் விழித்திருக்கும்போதுதான் எடுப்பார்கள். குழந்தையை அங்கேயே நெஞ்சில் போடுவார்களா என்று கேட்டு வையுங்கள்.

நிலாமுற்றம்:
பிரசவத் திட்டம் என்று ஒன்று எழுதச் சொன்னார்கள். மாதிரிப் படிவம் நாலு பக்கம் இருக்கிறது, விளக்கு எவ்வளவு வெளிச்சம், என்ன பாட்டு என்றெல்லாம்.

கோபக்காரி:
நாலு பக்கத்தை அந்த நேரத்தில் எவர் படிக்கப் போகிறார்?

வார்டுக்காரி:
உண்மையைச் சொன்னால் நாங்கள் முதல் அரைப் பக்கம்தான் படிப்போம். யார் துணை, வலிக்கு என்ன வேண்டும், எதற்கு உங்களுக்கு ரொம்பப் பயம், இதை எழுதுங்கள். "முன்கூட்டிச் சொல்லாமல் உள்பரிசோதனை செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி இருந்தால் அதை நாங்கள் மறக்க மாட்டோம். பிறந்ததும் குழந்தையைத் துணி இல்லாமல் உங்கள் நெஞ்சில் ஒரு மணி நேரம் போட வேண்டும், கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்ட வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால் இரண்டுமே வழக்கமாகவே செய்ய வேண்டியவை, எழுதி வைப்பதில் தப்பில்லை.

முதல் நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் குழந்தைக்கு ஒரு மதிப்பெண் சொல்வார்கள். மயக்க மருந்து டாக்டரான வர்ஜீனியா அப்கார் 1952-ல் கொண்டுவந்த முறை. எட்டு, ஒன்பது என்று காதில் விழுந்தால் "ஏன் பத்து இல்லை" என்று பதற வேண்டாம். பிறந்த உடனே கையும் காலும் நீலம் பாய்ந்திருப்பது இயல்பு, அதில் ஒரு மதிப்பெண் போய்விடும்.

சும்மாவந்தவன்:
தேதி தாண்டினால்? அந்தத் தேதிக்கு ஆபீசில் லீவு வேறு போட்டுவிட்டேன்.

ரெண்டுபிள்ளை_அம்மா:
குழந்தைக்கு உங்கள் லீவு லெட்டர் தெரியாது தம்பி. குறித்த தேதியில் பிறப்பது நூறில் நாலைந்து பேர்தான்.

வார்டுக்காரி:
முதல் பிரசவம் கொஞ்சம் தாண்டுவது சாதாரணம். 41 வாரம் முடியும்போது வலி வரவைக்கலாமா என்று பேசுவார்கள், ஏனென்றால் அதற்கு மேல் குழந்தைக்கு ஆபத்து மெல்லக் கூடுகிறது. பிபி, சர்க்கரை இருந்தால் முன்னதாகவே. வீட்டில் பேதி மருந்து குடித்து வலி வரவைக்கிற வேலை வேண்டாம். பேதி நிச்சயம் வரும், வலி வருவது நிச்சயமில்லை.

மலையடிவாரம்:
பிறந்த பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லையே. மூன்றாம் நாள் எனக்கு ஒன்றுமே இல்லாததற்கு அழுகை வந்தது. பால் கட்டி, தூக்கம் இல்லாமல். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாகப் போய்விடும் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்ததால் பிழைத்தேன். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, விபரீத எண்ணம் வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். விபரீத எண்ணம் என்றால் இரண்டு வாரமெல்லாம் கணக்கே இல்லை, அன்றைக்கே. இதைக் கணவரிடமும் இப்போதே சொல்லி வை. நமக்கே தெரியாமல் போகலாம், கூட இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

நிலாமுற்றம்:
எல்லாருக்கும் வணக்கம். இன்று 38 வாரம் தாண்டிவிட்டது. இப்போது எழுந்து நின்றபோது லேசாக நனைந்தது. வலி இல்லை. சிறுநீரா, பனிக்குட நீரா தெரியவில்லை. பனிக்குடம் உடைந்தால் குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டும் என்றுதானே நினைத்திருந்தேன்? குழந்தை அசைகிறது.

ரெண்டுபிள்ளை_அம்மா:
சிலருக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வலி வருவதற்கு முன்னாலேயே உடைவது நூறில் எட்டுப் பேருக்கு நடக்கும், அதனால் வலி இல்லையே என்று குழம்பாதே. நாப்கின் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்.

வார்டுக்காரி:
நிறம் என்ன? வாசனை?

நிலாமுற்றம்:
நிறமே இல்லை. சிறுநீர் வாசனையும் இல்லை. உட்கார்ந்து எழும்போதெல்லாம் மறுபடி நனைகிறது. போன் செய்துவிட்டேன், வரச் சொன்னார்கள். இவர் வண்டியை எடுக்கிறார்.

வார்டுக்காரி:
அப்படியென்றால் பனிக்குட நீராகத்தான் இருக்கும். நிதானமாகப் போகலாம், ஓட வேண்டாம். முதலில் நனைந்தது எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள், போனதும் அதைத்தான் கேட்பார்கள். வைத்திருக்கிற நாப்கினைத் தூக்கிப் போடாமல் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளே எதுவும் வைக்கக் கூடாது, தாம்பத்தியமும் கூடாது. வழியில் நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறினாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, மறுபடி போன் செய்து அதைச் சொல்லிவிடுங்கள், வார்டில் தயாராக இருப்பார்கள். ரிப்போர்ட் ஃபைலை மறக்காதீர்கள். அந்த அரைப் பக்கத் தாளைப் பையின் அடியில் வைக்காமல் ஃபைலின் முதல் பக்கமாக வையுங்கள்.